விடுவிக்கப்பட்டோர் பட்டியல்



புத்தாண்டு நள்ளிரவு ஆராதனை முடிந்து, கேக்கும் தேநீரும் வழங்கிக்கொண்டிருந்த வேளையில், ஆலய வளாகத்து வேப்பமரத்தடியில் வாலிபர் ஏழெட்டுப் பேர் கூடி நின்று உரத்த குரலில் வாதிட்டுக்கொண்டிருந்தனர். புதிய ஆண்டின் தீர்மானங்களைக் குறித்துப் பேசுகிறார்கள் போலும் என்று மகிழ்ந்து அருகில் சென்றேன். பேச்சு சென்னை சூப்பர் கிங்ஸ் அணியைப் பற்றியது. பெங்களூருவில் வேலை பார்த்து விடுமுறைக்கு வந்திருந்த தம்பி ஒருவர் என்னைக் கண்டதும், "ஐயா, நீங்களே சொல்லுங்க. பத்தொன்பது வயசுப் பையனுக்குப் பதினாலு கோடியே இருபது லட்சம் கொடுக்கலாமா? ஜடேஜாவை விட்டது நியாயமா?" என்று கேட்டார். மார்கழிக் குளிரில் நின்றவாறு ஒரே வாக்கியத்தில் பதில் சொல்லிவிடக்கூடிய கேள்வியாக அது எனக்குத் தோன்றவில்லை. எழுதுகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

வாரந்தோறும் தியானம் வெளியாகும் இந்தப் பக்கத்தில் கிரிக்கெட்டா என்று மூத்த சகோதரிகள் சிலர் வருந்தக்கூடும். பொறுத்தருள வேண்டுகிறேன். நானும் வற்றிய ஏரியில் தென்னை மட்டையும் ரப்பர் பந்துமாக வளர்ந்தவன்தான். 1996 உலகக் கோப்பையின்போது இறையியல் கல்லூரி விடுதியில் கிரேக்க இலக்கணப் புத்தகத்தை மடியில் விரித்து வைத்துக்கொண்டு வர்ணனை கேட்டவன். மேலும், ஓர் அணி தன் ஆட்களை எப்படிச் சேர்க்கிறது, எப்படி அனுப்புகிறது என்பது விளையாட்டோடு முடிந்துபோகும் காரியம் என்று நான் நினைக்கவில்லை.

கிரிக்கெட்டைப் பின்தொடராதவர்களுக்காகச் சில விவரங்களை முதலில் சொல்லிவிடுகிறேன். ஐ.பி.எல். அணி ஒன்றில் அதிகபட்சம் 25 வீரர்கள் இருக்கலாம். வெளிநாட்டவர் 8 பேருக்கு மேல் கூடாது. அவர்களிலும் ஆடும் பதினொருவரில் 4 பேருக்கே இடம். எல்லோருக்குமாகச் சேர்த்து ஓர் அணி செலவிடத்தக்க தொகை 2026ஆம் ஆண்டுக்கு 125 கோடி ரூபாய். கோடையில் ஆட்டங்கள் முடிந்த பிறகு பல மாதங்கள் வெறுமையாய் இருப்பதுபோல் தோன்றும். உண்மையில் அணி கட்டப்படுவது அந்த மாதங்களில்தான். யாரைத் தக்கவைப்பது, யாரை விடுவிப்பது என்று நவம்பரில் பட்டியல் கொடுக்க வேண்டும். இரண்டு அணிகள் தங்களுக்குள் வீரர்களை மாற்றிக்கொள்வதும் உண்டு. டிசம்பரில் ஏலம். கையில் எஞ்சிய பணத்தைக் கொண்டு எஞ்சிய இடங்களை நிரப்புவார்கள். கோடையில் நாம் காண்பது மழைக்காலத்தில் எடுத்த முடிவுகளின் விளைவு.

2025 கோடையில் நாம் கண்டது கசப்பானது. மும்பைக்கு எதிரான முதல் ஆட்டத்தில் சென்னை வென்றது. அதன்பின் தொடர்ச்சியாக 5 தோல்விகள். பெங்களூரு அணி 2008க்குப் பிறகு முதன்முறையாகச் சேப்பாக்கத்தில் வென்றுவிட்டுப் போனது. அதே மைதானத்தில் கொல்கத்தாவுக்கு எதிராக 20 ஓவர்களும் ஆடிச் சென்னை எடுத்தது 103 ரன்கள். தலைவர் ருதுராஜ் கெய்க்வாட் முழங்கை முறிவால் விலக, தோனி மீண்டும் தலைமை ஏற்றார். முடிவில் 14 ஆட்டங்களில் 4 வெற்றிகள். பத்து அணிகளில் பத்தாமிடம். ஐந்து முறை கோப்பை வென்ற அணி கடைசி இடத்தில் முடித்தது அதுவே முதல் தடவை.

ஏன் இப்படி ஆயிற்று? இதற்குப் பதில் காண 2018க்குத் திரும்பிப் போக வேண்டும் என்பது என் எண்ணம். இரண்டு ஆண்டுத் தடைக்குப் பிறகு அணி மீண்டும் கூடியபோது, முப்பதைக் கடந்தவர்களையே தேடிப் பிடித்து எடுத்தார்கள். தோனிக்கும் ஷேன் வாட்சனுக்கும் வயது 36. ஹர்பஜனுக்கு 37. இம்ரான் தாஹிர் அதற்கும் மூத்தவர். அப்பாக்களின் படை என்று ஊரே சிரித்தது. மே 27 இரவு மும்பையில் நடந்த இறுதி ஆட்டத்தில் வாட்சன் 57 பந்துகளில் 117 ரன்கள் எடுத்து ஆட்டமிழக்காமல் நின்றார். சிரித்தவர்கள் வாயடைத்துப் போனார்கள். முதியோரை எளிதில் தூக்கி எறிந்துவிடும் இக்காலத்தில் அந்த வெற்றி எனக்குத் தனிப்பட்ட மகிழ்ச்சியைத் தந்தது. அந்த வாரப் பிரசங்கத்திலும் அதைக் குறிப்பிட்டேன் என்று நினைவு. அப்போது எனக்கும் ஐம்பது நெருங்கிக்கொண்டிருந்தது. அதையும் சொல்லிவிட வேண்டும்.

ஆனால் ஒருமுறை கைகொடுத்த நற்குணம் நாளடைவில் வழக்கமாய் இறுகிவிடக்கூடும். 2020இல் ஏழாம் இடம். 2021இல் கோப்பை. 2022இல் ஒன்பதாம் இடம். 2023இல் மறுபடியும் கோப்பை. ஒவ்வொரு வெற்றியும் முந்திய தோல்வியை மறக்கச் செய்தது. தெரிந்த முகங்களை நம்புவது, அனுபவத்துக்கு இடங்கொடுப்பது, ஒருவரைச் சட்டென்று கைவிடாதிருப்பது ஆகிய யாவும் நல்லவையே. அவற்றின் நிழலில் ஓர் இளைஞன் ஓரமாய் நின்று கற்றுக்கொள்ளும் இடம் மட்டும் சுருங்கிக்கொண்டே வந்ததை எவரும் கவனிக்கவில்லை. 2024 நவம்பரில் ஜெட்டாவில் நடந்த பெரிய ஏலத்தில், பத்து ஆண்டுகளுக்குப் பின் அஸ்வினை 9.75 கோடிக்கு வீட்டுக்கு அழைத்து வந்தபோது நாமெல்லோரும் மகிழ்ந்தோம். அடுத்த ஆகஸ்டில் அவர் ஐ.பி.எல். ஆட்டத்திலிருந்தே ஓய்வு பெற்றார்.

அதே ஜெட்டா ஏலத்தில் ஆயுஷ் மாத்ரே என்ற மும்பைச் சிறுவனை எந்த அணியும் எடுக்கவில்லை. அடிப்படை விலை 30 லட்சம். ருதுராஜ் காயமடைந்ததால் சீசனின் நடுவில் அவசரமாக அழைக்கப்பட்ட அந்தப் பதினேழு வயதுப் பிள்ளை, தன் முதல் ஆட்டத்தில் 15 பந்துகளில் 32 ரன்களும், இரண்டு வாரங்களுக்குள் பெங்களூருவுக்கு எதிராக 48 பந்துகளில் 94 ரன்களும் எடுத்தான். நம் தமிழ்நாட்டு வேகப்பந்து வீச்சாளர் குர்ஜப்னீத் சிங் காயமடைந்த இடத்தில் வந்தவர் டேவால்ட் பிரேவிஸ். ஏலத்தில் விலைபோகாதவர்கள்தாம் சரிந்த வீட்டுக்கு முட்டுக்கொடுத்தார்கள். இவர்களை எல்லாம் திட்டமிட்டு அழைக்கவில்லை. வேறு வழியில்லாமல் அழைத்தார்கள். நம் சபைகளிலும் வாலிபருக்குப் பொறுப்பு இப்படித்தான் வருகிறது என்று சொன்னால் மூப்பர்கள் என்மேல் கோபிக்கக் கூடாது. பாடகர் குழுத் தலைவருக்குக் காய்ச்சல் வந்த ஞாயிற்றுக்கிழமையில்தானே நம் பிள்ளைகளில் ஒருவனுக்குத் தாளம் தெரியும் என்பதே நமக்குத் தெரியவந்தது!

சரி, ஜடேஜாவுக்கு வருகிறேன்.

2023 இறுதி ஆட்டம் மழையால் தள்ளிப்போய், நள்ளிரவையும் கடந்து நடந்தது உங்களுக்கு நினைவிருக்கும். கடைசி 2 பந்துகளில் 10 ரன்கள் தேவை. ஜடேஜா ஒரு சிக்ஸரும் ஒரு பவுண்டரியும் அடித்தார். எங்கள் தெருவில் அந்நேரத்தில் பட்டாசு வெடித்தது, விழித்துக்கொண்ட என் மனைவி, "யார் வீட்டுக் கல்யாணம்?" என்று கேட்டார்கள். 2012 முதல், தடைக்காலம் நீங்கலாக, சென்னைக்காக ஆடியவர் அவர். 2025 நவம்பர் 15ஆம் தேதி அவரையும் சாம் கரணையும் ராஜஸ்தானுக்குக் கொடுத்து, அங்கே தலைவராயிருந்த சஞ்சு சாம்சனைச் சென்னை பெற்றுக்கொண்டது. 18 கோடி ஊதியம் பெற்ற ஜடேஜா 14 கோடிக்குப் போகிறார். பத்தொன்பது வயதில் அவர் ஐ.பி.எல். ஆடத் தொடங்கியதும், 2008இல் முதல் கோப்பையை வென்றதும் அதே ராஜஸ்தான் அணியில்தான்.

இது சரியான முடிவு என்றே நான் கருதுகிறேன். இதைச் சொல்ல மனம் கனக்கிறது. ஆயினும் சொல்ல வேண்டும். தோனிக்கு வயது 44. அவருக்குப் பின் விக்கெட் காப்பதற்கும் ஆட்டத்தை நடத்துவதற்கும் ஆள் தேவை என்பதை ஐந்தாறு ஆண்டுகளாகவே எல்லோரும் அறிவோம். 2022இல் தலைமையை ஜடேஜாவிடம் கொடுத்தார்கள். எட்டு ஆட்டங்களில் அது தோனியிடமே திரும்பியது. பொறுப்பை ஒருவரிடம் ஒப்படைப்பது ஒரு காரியம். ஒப்படைத்தவர் அப்பால் நகர்ந்து நிற்பது இன்னொரு காரியம். இரண்டாவது மிகவும் கடினமானது. மூன்று சபைகளில் ஊழியம் செய்தவன் என்ற முறையில் இதை நான் புத்தகத்திலிருந்து சொல்லவில்லை.

எண்ணாகமம் எட்டாம் அதிகாரத்தின் கடைசி வசனங்களை நாம் பெரும்பாலும் வேகமாக வாசித்துக் கடந்துவிடுகிறோம். ஆசரிப்புக் கூடாரத்தில் பணிசெய்யும் லேவியருக்கு அங்கே வயது வரம்பு சொல்லப்படுகிறது. இருபத்தைந்து வயதில் பணிக்கு வர வேண்டும்; ஐம்பது வயதில் அந்தப் பணியை விட்டுவிட வேண்டும். அதற்குப் பின்? வீட்டுக்குப் போய்விடச் சொல்லவில்லை. சகோதரரோடு இருந்து காவல் காக்க வேண்டும். பாரமான வேலையை மட்டும் அவன் செய்யலாகாது. பாரம் சுமந்து நடந்த தோளுக்கு ஓய்வு; கண்ணுக்கும் அனுபவத்துக்கும் வேலை தொடர்கிறது.

இன்னொன்றும் கவனிக்கத்தக்கது. அதே புத்தகத்தின் நான்காம் அதிகாரம் பணிசெய்யும் வயதை முப்பதிலிருந்து கணக்கிடுகிறது. எட்டாம் அதிகாரம் இருபத்தைந்து என்கிறது. இந்த ஐந்து ஆண்டு வேறுபாட்டுக்கு யூத மரபில் ஒரு பழைய விளக்கம் உண்டு: அது கற்றுக்கொள்ளும் காலம். இருபத்தைந்தில் உள்ளே வருகிறவன் ஐந்து ஆண்டுகள் அருகிலிருந்து பார்த்துப் பழகி, முப்பதில் தோள் கொடுக்கிறான். இதைக் கல்லூரியில் படித்தபோது தேர்வுக்கான குறிப்பாக மட்டுமே எழுதிவைத்தேன். இப்போது இதை வாசிக்கையில், போவோருக்கு நிற்க ஓரிடமும் வருவோருக்குக் கற்க ஒரு காலமும் ஆகிய இவ்விரண்டும் இல்லாத மாற்றம் வெறும் பெயர் மாற்றம்தான் என்று தோன்றுகிறது.

இந்த அளவுகோலை வைத்துச் சென்னையின் நவம்பர், டிசம்பர் முடிவுகளைப் பார்க்கிறேன். நவம்பரில் விடுவிக்கப்பட்டோர் பட்டியலில் கான்வே, ரச்சின் ரவீந்திரா, பதிரனா, ராகுல் திரிபாதி, தீபக் ஹூடா, விஜய் சங்கர் முதலானோரின் பெயர்கள் இருந்தன. ஏலத்துக்குப் போகையில் அணியின் கையில் 43.40 கோடி இருந்தது. டிசம்பர் 16ஆம் தேதி அபுதாபியில் அதில் 28.40 கோடியை இரண்டே பேருக்குக் கொடுத்தார்கள். ஒருவர் உத்தரப் பிரதேசத்தின் பிரசாந்த் வீர், வயது 20. மற்றவர் ராஜஸ்தானின் கார்த்திக் சர்மா, வயது 19. ஆளுக்கு 14.20 கோடி. இருவருக்கும் அடிப்படை விலை 30 லட்சம். நாட்டுக்காக ஒருமுறையும் ஆடாத வீரருக்கு இதற்கு முன் கிடைத்த உச்ச விலை, 2022இல் ஆவேஷ் கானுக்குக் கொடுத்த 10 கோடி.

இளையோருக்கு வாசல் திறந்ததில் எனக்கு மகிழ்ச்சி. விலையைக் கேட்டபோது பயம் வந்தது. பணம் அதிகம் என்பதற்காகச் சொல்லவில்லை. அவர்கள் பணம், அவர்கள் கணக்கு. கற்றுக்கொள்ளும் காலத்தை அந்த விலை விழுங்கிவிடுமோ என்பதே என் பயம். 30 லட்சத்துக்கு வந்த பையன் மூன்று ஆட்டங்களில் ரன் எடுக்காவிட்டால், பழகட்டும் என்போம். 14.20 கோடிக்கு வந்தவனுக்கு அந்தப் பொறுமை கிடைக்குமா?

இதற்கு நம் பக்கத்திலேயே ஒரு சாட்சி இருக்கிறார். சேலம் மாவட்டம் சின்னப்பம்பட்டி நடராஜனைத் தெரியாத பிள்ளை இங்கே உண்டோ? 1965 வரை நாமும் சேலம் மாவட்டத்தார்தான். ஆகையால் அவரை நம்மவர் என்று சொல்லிக்கொள்ள நமக்குக் கொஞ்சம் உரிமை உண்டு. தகப்பனார் தறிக்கூடத்தில் வேலை செய்தவர். தாயார் சாலையோரத்தில் கோழிக்கறிக் கடை நடத்தியவர். 2017 ஏலத்தில் 10 லட்சம் அடிப்படை விலையிலிருந்த அவரைப் பஞ்சாப் அணி 3 கோடிக்கு எடுத்தது. அந்தச் சீசனில் அவர் ஆடியது 6 ஆட்டங்கள், எடுத்தது 2 விக்கெட்டுகள். விடுவித்துவிட்டார்கள். அடுத்த ஆண்டு ஐதராபாத் அவரை 40 லட்சத்துக்கு எடுத்தது. 3 கோடி 40 லட்சமாய்க் குறைந்ததை ஊர் எப்படிப் பேசியிருக்கும் என்று நாம் ஊகிக்கலாம், நாமும் ஊர்தானே. 2018இல் ஒரு ஆட்டமும் கிடைக்கவில்லை. 2019இலும் இல்லை. இரண்டு கோடைக்காலம் முழுவதும் பயிற்சியில் பந்து வீசிவிட்டு, ஆட்டநேரத்தில் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்.

2020இல் அவர் களம் இறங்கி, யார்க்கர் மேல் யார்க்கராக வீசி 16 விக்கெட்டுகள் எடுத்ததை உலகம் பார்த்தது. வலைப்பயிற்சிக்குப் பந்து வீச ஆஸ்திரேலியா சென்றவர், அதே சுற்றுப்பயணத்தில் டிசம்பரில் ஒருநாள் ஆட்டம், இருபது ஓவர் ஆட்டம், ஜனவரியில் பிரிஸ்பேனில் டெஸ்ட் என்று மூன்று வகையிலும் அறிமுகமானார். ஒரே சுற்றுப்பயணத்தில் அவ்வாறு அறிமுகமான முதல் இந்தியர் அவரே. பெஞ்சில் கழிந்த அந்த இரண்டு ஆண்டுகளை வீணான ஆண்டுகள் என்று யார் சொல்ல முடியும்? பின்பு அவர் தம் ஊரிலேயே ஒரு மைதானம் அமைத்தார். 2023 ஜூன் மாதம் தினேஷ் கார்த்திக் வந்து அதைத் திறந்துவைத்தார். சுற்றுவட்டாரப் பிள்ளைகள் விலைச்சீட்டின்றிக் கற்றுக்கொள்ள ஓரிடம்.

தாவீது அமலேக்கியரைத் துரத்திக்கொண்டு போகையில், இளைத்துப்போய்ப் பேசோர் ஆற்றைக் கடக்க முடியாமல் மூட்டைமுடிச்சுகளோடு தங்கிவிட்ட இருநூறு பேரை நினைத்துக்கொள்கிறேன். போரிடாதவர்களுக்குப் பங்கு எதற்கு என்று சிலர் முறுமுறுத்தார்கள். தாவீது அதற்கு இணங்காமல், போனவருக்கும் இருந்தவருக்கும் சம பங்கு என்று கட்டளையாக்கினான். பெஞ்சில் இருப்பவனை அணி மறந்துவிடவில்லை என்பதற்கு இதைவிடப் பழைய ஆவணம் எனக்குத் தெரியாது.

அனுப்பப்படுவோரைக் குறித்தும் சொல்ல வேண்டும். நவம்பரில் அந்தப் பட்டியல் வெளிவந்த அன்று நம் சபை வாலிபர் வாட்ஸ்அப் குழுவில் வந்த செய்திகளை நான் வாசித்தேன். விஜய் சங்கரைக் குறித்து எழுதப்பட்டவற்றை இங்கே திருப்பி எழுத எனக்கு மனமில்லை. 2025 ஏப்ரல் 5ஆம் தேதி டெல்லிக்கு எதிராக அவர் 54 பந்துகளில் 69 ரன்கள் எடுத்தும் அணி தோற்றது. மெதுவாக ஆடினார் என்பது குற்றச்சாட்டு. ஆட்டத்தைப் பற்றிய விமரிசனம் சரியே. 184 ரன்கள் இலக்கை நோக்கிய ஓட்டத்துக்கு அந்த வேகம் போதாது. ஆனால் ஒருவர் வேலை இழந்த நாளில், சிரிக்கும் முகங்களையும் பட்டாசுப் படங்களையும் அனுப்பினோமே! திருப்பூரிலும் ஓசூரிலும் பெங்களூருவிலும் ஒப்பந்த வேலை பார்க்கும் பிள்ளைகள் நிறைந்த சபை இது. இனி வர வேண்டாம் என்ற செய்தி கைப்பேசியில் வந்து இறங்கும் மாலைப்பொழுது எப்படிப்பட்டது என்பதை நம்மில் எத்தனை வீடுகள் அறியும்? ஆகவே அந்தச் செய்திகள் என்னை மிகவும் வருத்தின.

வாலிபரைக் கடிந்துகொள்ளும் தகுதி எனக்கு முழுமையாக இல்லை. பல ஆண்டுகளுக்கு முன், வேறொரு சபையில், ஞாயிறு பள்ளியைப் புதுப்பிக்க விரும்பினேன். எண்ணம் நல்லதுதான். படித்த வாலிபப் பெண்கள் நால்வர் ஆர்வத்தோடு இருந்தார்கள். புதிய ஆசிரியர் பட்டியலைத் தட்டச்சு செய்து, சனிக்கிழமை மாலை அறிவிப்புப் பலகையில் ஒட்டச் சொன்னேன். இருபத்தேழு ஆண்டுகள் சிறு பிள்ளைகளுக்குப் பாடம் சொன்ன ஓர் அம்மா மறுநாள் காலை வழக்கம்போலத் துணிப்பையில் தம் படங்களை எடுத்துக்கொண்டு வந்தார்கள். பலகையை வாசித்தார்கள். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் வாசித்தார்கள். பிறகு ஆலயத்துக்குள் வந்து கடைசி வரிசையில் அமர்ந்தார்கள். பை மடியிலேயே இருந்தது. பிரசங்க பீடத்திலிருந்து அதை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர்களிடம் முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்ல வேண்டும் என்பது எனக்குத் தோன்றவே இல்லை. மன்னிப்புக் கேட்க வீட்டுக்குப் போனபோது தேநீர் கொடுத்து, "புது டீச்சருங்க நல்லா பண்றாங்களா ஐயா?" என்று மட்டும் கேட்டார்கள். சில மாதங்கள் கழித்து அந்தப் பை, பேரன் கையில் என்னிடம் வந்து சேர்ந்தது. இன்னும் என் அலமாரியில் இருக்கிறது.

மாற்றம் தவறல்ல. அந்த நான்கு பெண்களும் நன்றாகவே நடத்தினார்கள். ஆனால் அந்த அம்மாவிடமிருந்து ஓராண்டேனும் அவர்கள் அருகிலிருந்து கற்றிருக்கலாம். பிள்ளைகளின் பெயர்களையும் எந்தப் பிள்ளை பசியோடு வருகிறது என்பதையும் அவர்கள் அறிந்திருந்தார்கள். வேலையிலிருந்து அவர்களை விடுவித்த நான், காவல் காக்கும் இடத்தையும் சேர்த்துப் பறித்துவிட்டேன்.

இடத்தை மாற்றிக் கொடுப்பது என்று ஒன்றும் உண்டு. அமெரிக்காவில் பேஸ்பால் என்ற ஆட்டத்தில் ஓக்லாண்ட் அணி 2001 முடிவில் தன் மூன்று முதன்மை வீரர்களைப் பணக்கார அணிகளிடம் இழந்தது. மாற்று ஆள் வாங்கப் பணமில்லை. ஸ்காட் ஹாட்டபெர்க் என்பவரை அழைத்தார்கள். அவர் விக்கெட் காப்பாளரைப் போன்ற இடத்தில் ஆடியவர். முழங்கை நரம்பு பாதிக்கப்பட்டு, பந்தை எறிய முடியாமல் போனதால் பிறருக்கு வேண்டாதவரானவர். பந்தை அதிகம் எறியத் தேவையில்லாத வேறோர் இடத்தை அவருக்குக் கொடுத்து, குளிர்கால மாதங்களில் அதைப் பழக வைத்தார்கள். 2002இல் அந்த அணி தொடர்ச்சியாக 20 ஆட்டங்களில் வென்றது. இருபதாவது வெற்றியைத் தந்தது ஹாட்டபெர்க்கின் கடைசி நேர அடி. கை போனாலும் கண் போகவில்லை என்பதை யாரோ ஒருவர் கவனித்திருக்கிறார்.

வேப்பமரத்தடித் தம்பிக்கு இப்போது பதில் சொல்கிறேன். ஜடேஜாவை விட்டது சரி. சஞ்சுவைக் கொண்டுவந்தது சரி. தாமதமாய்ச் செய்த சரி. இரண்டு பையன்களை எடுத்தது நல்லது. அந்த விலைக்கு எடுத்தது எனக்கு உவப்பில்லை. முதல் பத்து ஆட்டங்களில் அவர்கள் சோபிக்காவிட்டால், நீங்களும் உங்கள் நண்பர்களும் கைப்பேசியைச் சற்றுக் கீழே வைத்துவிடுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். ஜடேஜா ராஜஸ்தான் உடையில் சென்னைக்கு எதிராக இறங்கும் அன்று எங்கள் வீட்டுக்கு வாருங்கள், சேர்ந்து பார்ப்போம். அவர் சிக்ஸர் அடித்தால் நான் கைதட்டுவேன், சொல்லிவிட்டேன்.

நம் சபையிலும் பிப்ரவரி மாதம் பட்டியல்கள் மாறுகின்றன. பாடகர் குழு, ஞாயிறு பள்ளி, ஆலயப் பராமரிப்புக் குழு ஆகிய மூன்றிலும் புதிய பெயர்கள் வரும். நீண்ட காலம் உழைத்த நான்கு பேர் பாரமான வேலையிலிருந்து ஓய்வு பெறுவார்கள். அவர்கள் யார் என்று ஊகித்துப் பேசிக்கொள்ள வேண்டாம். செவ்வாய்க்கிழமை முதல் அவர்கள் வீடுகளுக்கு நானும் சபைச் செயலாளரும் சென்று வருகிறோம்; ஒவ்வொருவரும் எந்தக் காவலை ஏற்க விரும்புகிறார்கள் என்று கேட்டறிந்த பின்னரே பட்டியலை எழுதுவோம். கீபோர்டு வாசிக்க ஆசைப்படும் பன்னிரண்டாம் வகுப்பு மாணவனுக்குப் பொதுத்தேர்வு முடியும்வரை எந்தப் பொறுப்பும் இல்லை. ஏப்ரல் முதல் ஓராண்டு அவன் மூத்தவர் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கட்டும். பட்டியலை இம்முறை பலகையில் ஒட்டுவதற்கு முன்பு, பிப்ரவரி இரண்டாம் ஞாயிறு ஆராதனையில் நானே வாசிப்பேன். போகிறவர்களின் பெயர்களை முதலில் வாசிப்பேன்.